மறுமொழிக்குக் காத்திருந்த மடல்கள்: ஹென்றி மார்ட்டினும் லிடியா கிரென்ஃபெல்லும்

சில ஆண்டுகளுக்கு முன், பண்ருட்டிச் சபையில் அருட்பணி ஞாயிறன்று ஹென்றி மார்ட்டினைக் குறித்து அருளுரை ஆற்றினோம். ஆயர்கள் பலரும் எடுத்தாளும் எடுத்துக்காட்டுத்தான் அது. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதன்மை பெற்ற இளைஞர், ஒரு பெண்ணை நேசித்தார், ஆண்டவர் அழைத்தார், காதலைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பலேறினார், இந்தியாவிலும் பாரசீகத்திலும் உழைத்து 31 வயதில் உயிர் நீத்தார் என்று சொல்லி முடித்தோம். சபையார் உருக்கமாகக் கேட்டனர்.

ஆராதனை முடிந்து வாயிலில் நின்றபோது முதிய அம்மையார் ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அந்தப் பொண்ணு என்னா சொல்லிச்சிங்க?" என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை. அருளுரைக்கென்று தொகுத்த நூல்களில் மார்ட்டினைப் படித்திருந்தோமேயன்றி, அவர் எழுதிய கடிதங்களைப் படித்திருக்கவில்லை. அப்பெண் ஒரு சொல் சொல்லியிருக்கக்கூடும் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை. அந்தக் கேள்வி நம்மைப் படிக்க வைத்தது. படித்ததன் பயனே இக்கட்டுரை.

கடிதங்களை ஆராயப் புகுமுன் ஒன்று சொல்ல வேண்டும். இருவர் தமக்குள் எழுதிக்கொண்டவற்றை மூன்றாமவர் படிப்பது முறையா என்னும் தயக்கம் நமக்கும் உண்டு. ஆனால் இக்கடிதங்கள் அச்சேறி நூறாண்டுகளுக்கு மேலாயின. அவற்றை அரைகுறையாகப் படித்து அருளுரைக்கு உவமையாக்குவதினும், முழுமையாகப் படித்து நியாயமாக மதிப்பிடுவதே இருவருக்கும் நாம் செய்யும் மரியாதையாகும்.

1. இருவர்

மார்ட்டின் 1781இல் கார்ன்வால் நாட்டு ட்ரூரோவில் பிறந்தவர். தந்தையார் சுரங்கத் தொழிலாளியாக இருந்து, பின் வணிகர் ஒருவரின் கணக்கராக உயர்ந்தவர். மகன் 1801இல் கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றுத் தூய யோவான் கல்லூரியில் உறுப்பினர் பதவியும் அடைந்தார். அந்நாளைய விதிப்படி, திருமணம் செய்தால் அப்பதவி கைவிட்டுப் போகும். சார்ல்ஸ் சிமியோனின் தூண்டுதலால் அருட்பணியில் அவர் மனம் சென்றது. 1804இல் குடும்பச் சொத்து அழிந்து, உடன்பிறந்தாளைத் தாங்கும் கடமையும் சேர்ந்தமையால், அருட்பணிச் சங்கத்தின் வழியாக அன்றிக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாப்ளினாக அவர் இந்தியாவுக்கு வர நேர்ந்தது.

லிடியா அம்மையார் 1775இல் பிறந்தவர். மார்ட்டினுக்கு ஆறாண்டு மூத்தவர். கார்ன்வாலின் மராசயன் ஊரில் செல்வாக்குள்ள வணிகக் குடும்பம் அவருடையது. அவருடைய உடன்பிறந்தாள் மார்ட்டினின் உறவினரான குருவானவர் ஒருவரை மணந்திருந்தமையால் இரு குடும்பங்களுக்கும் போக்குவரவு இருந்தது. அக்காலத்து உயர்குடியில் இளைஞன் ஒருவன் பெண்ணிடம் நேரே மனம் திறப்பதற்கும், கடிதம் எழுதுவதற்கும், தாயின் இசைவைப் பெறுவதற்கும் வரையறுத்த முறைமைகள் இருந்தன. நம் ஊர்களில் பெண் பார்க்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கட்டுக்கோப்பு வியப்பளிக்காது.

இன்னொரு தடையும் இருந்தது. லிடியா முன்னர் பென்சான்ஸ் ஊர் வழக்கறிஞர் ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்டவர். அவருடைய நடத்தை சரியில்லை எனத் தெரிந்து அந்த ஏற்பாடு முறிந்தது. முறிந்த பின்னரும், அம்மனிதர் வேறொருத்தியை மணக்கும்வரை தாம் அந்த வாக்கிலிருந்து விடுபட்டவர் அல்லர் என்று லிடியா கருதினார். இதை அவருடைய நாட்குறிப்புக் காட்டுகிறது. முடிந்துபோன நிச்சயதார்த்தத்தால் கட்டுண்ட பெண்ணுக்கும், இன்னும் தொடங்காத ஒன்றை நாடிய ஆணுக்கும் இடையே எழுந்தவை இக்கடிதங்கள். மார்ட்டினும் லிடியாவும் ஒருபோதும் முறைப்படி நிச்சயிக்கப்பட்டவர் அல்லர். அருளுரைகளில் 'மணப்பெண்ணைத் துறந்தார்' என்பது இந்த முதல் உண்மையிலேயே பிழையாகிறது.

2. கடலும் கடிதமும்

1805 ஜூலை 17ஆம் நாள் மார்ட்டினின் கப்பல் போர்ட்ஸ்மவுத்தை விட்டுப் புறப்பட்டது. காலம் தாழ்ந்து ஃபால்மவுத்தில் அது நிற்க நேர்ந்தபோது அவர் மராசயனுக்குச் சென்றார். இந்தியாவில் மணம் செய்வது தகும் என்று தாம் காணும் நாளில் வர இயலுமா என்று லிடியாவிடம் கேட்டார். லிடியா தம் மனத்தை வெளியிடவில்லை. ஆகஸ்டு 10ஆம் நாள் மராசயனில் இருந்தபோதே கப்பல்கள் புறப்படும் செய்தி வந்தது, விரைந்தோடிக் கப்பலேறினார். அதன்பின் அவ்விருவரும் ஒருவரையொருவர் காணவேயில்லை.

காதலைக் கரையில் விட்டார் என்பது ஆகவே உண்மையன்று. அதையும் கப்பலில் ஏற்றிக்கொண்டே வந்தார். 1806 ஏப்ரலில் சென்னையில் இறங்கி, மே மாதத்தில் கல்கத்தா சேர்ந்தார். அங்கே அவர் அருளுரை ஆற்றிய பழைய மிஷன் ஆலயம் நம் பகுதியோடு தொடர்புடையது. கடலூரில் 1740 முதல் பணியாற்றிய கீர்னாந்தர் ஐயர், 1758இல் பிரெஞ்சுக்காரர் கடலூரைக் கைப்பற்றிய பின் கல்கத்தா சென்று, 1770இல் நிறைவுபெறக் கட்டிய ஆலயம் அது. மார்ட்டினின் உற்ற தோழர் டேனியேல் கோரி பின்னாளில், 1835இல், சென்னையின் முதற் பேராயரானார். எனவே இக்கதை நமக்கு முற்றிலும் அயலார் கதையன்று.

1806 ஜூலை 30ஆம் நாள் மார்ட்டின் லிடியாவுக்கு எழுதினார்; வந்து தம்மை மணக்குமாறு கேட்டார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் கப்பலில் அக்கடிதம் இங்கிலாந்து சேரப் பல திங்கள் பிடித்தன. லிடியாவின் மறுமொழி 1807 மார்ச் 5ஆம் நாளிட்டது; அது தானாப்பூரில் மார்ட்டின் கையை அடைந்தது 1807 அக்டோபர் 24 அன்று. கேள்விக்கும் விடைக்கும் இடையே ஏறத்தாழப் பதினைந்து திங்கள். இன்று வளைகுடா நாட்டிலிருக்கும் மணமகன் நிச்சயித்த பெண்ணோடு நாள்தோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறான். அந்த இடைவெளியை உள்ளத்தில் கொள்ளாதவர் இக்கடிதங்களின் தொனியை உணரமாட்டார். எழுதுகிறவர் ஒரு பெண்ணுக்கு எழுதுகிறார். பெறுகிறவரோ ஓராண்டுக்கு முன்னிருந்த ஒரு மனிதரிடமிருந்து பெறுகிறார்.

மற்றொரு குறைபாடும் நினைவில் நிற்க வேண்டும். அச்சில் நமக்குக் கிடைப்பவை மார்ட்டின் எழுதிய கடிதங்களே. லிடியாவின் குரலை, 1890இல் பகுதி பகுதியாக வெளியான அவருடைய நாட்குறிப்பிலிருந்தே கேட்கிறோம். 1892இல் ஜார்ஜ் ஸ்மித் எழுதிய வரலாறு இரண்டையும் அருகருகே வைத்தது. டேனிய அறிஞர் கீர்க்ககார்ட் ரெகினே ஒல்சனுக்கு 1840–41இல் எழுதிய காதல் கடிதங்களுக்கும் இதே கதிதான்: அவர் எழுதியவை பிழைத்தன, ரெகினே எழுதியவற்றை ரெகினேயே எரித்துவிட்டார். இத்தகைய கடிதத் தொகுதிகளில் ஆணின் சொல் நூலாகிறது, பெண்ணின் சொல் ஊகமாகிறது. திறனாய்வாளர் இந்தச் சாய்வை முதலில் கணக்கிலெடுக்க வேண்டும்.

3. மடலேறுதலாக ஒரு மடல்

பிரிவை நம் அகமரபு நுட்பமாக வகுத்துள்ளது. ஓதலுக்கும், பகைக்கும், தூதுக்கும், பொருளுக்கும் தலைவன் பிரிகிறான். கடல்வழிச் செலவு பெண்ணோடு இல்லை என்பதும் தொல்காப்பியர் சுட்டும் மரபு. மார்ட்டினின் பிரிவோ இவ்வகைகளுள் எதிலும் முழுமையாக அடங்காதது. அவர் திரும்பி வருவேன் என்று காலம் குறித்துச் செல்லவில்லை. நீ வா என்று அழைக்கிறார். பாலையில் ஆற்றியிருத்தலைத் தலைவியிடம் கேட்கவில்லை. தாயையும் ஊரையும் விட்டுக் கடல் கடக்கக் கேட்கிறார்.

1806ஆம் ஆண்டுக் கடிதத்தின் இயல்பை விளக்க அகமரபே நமக்குச் சரியான சொல்லையும் தருகிறது: மடலேறுதல். தலைவியைப் பெறாத தலைவன் பனைமடலால் குதிரை செய்து அதன்மேல் ஏறி, தன் துன்பத்தை ஊர் காண வெளிப்படுத்துகிறான். துன்பம் உண்மையானதே. ஆயினும் அந்தக் காட்சியில் ஒரு வலுக்கட்டாயம் இருக்கிறது. ஊரார் கண்முன் அது நிகழ்வதால், மறுப்பவள் கொடியவள் ஆகிறாள். வள்ளுவரும் நாணுத்துறவுரைத்தல் என்னும் அதிகாரத்தில் இதை ஆராய்கிறார். நாணம் இழந்த நிலையாகவே காட்டுகிறார்.

மார்ட்டினின் கடிதத்தில் பனைமடலின் இடத்தில் இறைவனுடைய சித்தம் நிற்கிறது. தாம் நெடுநாள் வேண்டுதல் செய்ததையும், தம் நாட்டம் தன்னலமோ என்று தம்மையே சோதித்ததையும் அவர் எழுதுகிறார். மணம் செய்வது பணிக்கு நன்மை என்னும் முடிவுக்கு வந்த வழியை விளக்குகிறார். எழக்கூடிய தடைகளைத் தாமே எழுப்பித் தாமே விடை தருகிறார். கணித அறிஞருக்குரிய ஒழுங்கு அதில் இருக்கிறது. படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. ஆனால் அந்த ஒழுங்கே கடிதத்தின் குறையுமாகிறது. எல்லா விடைகளையும் எழுதுகிறவரே தந்துவிட்டால், பெறுகிறவருக்கு இசைவதன்றி வேறென்ன எஞ்சுகிறது? இறைவன் சித்தம் இன்னதெனத் தெரிந்தபின் மறுப்பவர், காதலனை மட்டுமா மறுக்கிறார்?

இதைச் சொல்வதால் மார்ட்டினை வேடதாரி என்று நாம் குற்றஞ்சாட்டுவதாகக் கொள்ளலாகாது. அவர் தம் நாட்குறிப்பில் இன்னும் கடுமையாகத் தம்மையே விசாரிக்கிறார். 1804–05இல் எழுதிய பக்கங்களில் லிடியாவின் மேலுள்ள அன்பை இறைவனுக்குப் போட்டியாக வந்த விக்கிரகமென்று அஞ்சுகிறார். அறிவுரை கேட்கச் சென்ற இடங்களிலும் குழப்பமே மிஞ்சியது. இலண்டனில் ரிச்சர்டு செசில், மணமாகாமல் இந்தியா செல்வது பித்தனின் செயல் என்னும் கருத்தில் பேசினார். வாழ்நாள் முழுதும் மணம் செய்யாத சிமியோனோ உடன்படவில்லை. இரு பெரியவர்களும் இளைஞனிடம் பேசினார்கள். லிடியாவின் கருத்தை யாரும் கேட்டதாக அந்தப் பக்கங்களில் நாம் காணவில்லை.

இங்கேதான் இறையியல் பிழை நிகழ்கிறது. அன்பு ஒருநாள் விக்கிரகமாகவும் மறுநாள் பணிக்கருவியாகவும் எண்ணப்படுகிறது. இரண்டு நிலையிலும் லிடியா என்னும் ஆள் மறைந்துபோகிறார். மார்ட்டினின் ஆத்தும வரலாற்றில் ஒரு சோதனையாகவோ துணையாகவோ மட்டும் தோன்றுகிறார். அயலாரை நேசிக்க வேண்டும் என்னும் கட்டளை காதலிக்கும் அயலாளையும் உள்ளடக்கியதே. அவளுக்கும் கேட்கும் செவி உண்டு; அவளிடமும் ஆண்டவர் பேசக்கூடும்.

4. மறுமொழி

1807 அக்டோபர் 24இல் வந்த மறுமொழி, வர இயலாது என்றது. தாய் இசையவில்லை என்பதே காரணம். அந்நாள் தமக்குத் துயரமான நாள் என்று மார்ட்டின் நாட்குறிப்பில் பதிந்தார். அன்றே லிடியாவுக்கு விடையெழுத அமர்ந்தார். அந்தக் காரணத்தை எடுத்து ஆராய்ந்து, அது நீங்கக்கூடுமா என்று வினவினார். வாதிடும் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? எனினும் மறுப்பை மறுப்பாகவே ஏற்கும் பாடம் அன்று தொடங்கியது.

லிடியாவின் மறுமொழியை எவ்வாறு மதிப்பிடுவது? அவரை அச்சமுடையவர் என்றும், வசதியை விட மனமில்லாதவர் என்றும், அருட்பணிக்குத் தடையாய் நின்றவர் என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாட்குறிப்போ அப்படிச் சொல்லவில்லை. நேசம் அவருக்கும் இருந்தது. அதை ஒடுக்க அவரும் போராடினார். மார்ட்டினைப் போலவே அவரும் அதைக் கடவுளுக்கு முன் குற்றமோ என்று அஞ்சினார். மராசயனில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தலும், தாயைப் பேணுதலும் அவருடைய பணிகள். கங்கைக் கரையில் ஓர் அழைப்பு இருக்கும்போது கார்ன்வால் கடற்கரையில் வேறோர் அழைப்பு இருக்க இயலாதா?

லிடியாவிடத்தும் குறையில்லாமல் இல்லை. முறிந்த ஒரு நிச்சயதார்த்தத்தை மனச்சான்றின் பேரால் ஆண்டுக்கணக்காகச் சுமந்தது, கடவுள் கட்டாத கட்டினால் தன்னைக் கட்டிக்கொண்டதாகும். தம் முடிவைத் தாயின் பெயரால் சொன்னதிலும் ஒரு மறைவு உண்டு. அது கீழ்ப்படிதலா, கீழ்ப்படிதல் என்னும் திரையா என்பதை அவரும் அறிந்திருப்பாரோ என்னவோ. ஆனால் நேரே 'எனக்கு விருப்பமில்லை' என்றோ 'எனக்கு அச்சம்' என்றோ ஒரு பெண் சொல்லக்கூடாத சமூகத்தில், தாயின் சொல்லே அவளுக்குக் கிடைக்கும் ஒரே அரண். அந்தச் சமூகத்தை நாம் வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஆங்கில இலக்கியத்தின் ஒரு சான்று பயன்படும். 1847இல் வெளிவந்த சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' புதினத்தில் செயின்ட் ஜான் ரிவர்ஸ் என்னும் குருவானவர் வருகிறார். இந்தியாவுக்குச் செல்லத் துணிந்த அவர், கதைத்தலைவியை மனைவியாக வருமாறு கடவுள் பெயரால் வற்புறுத்துகிறார். பிராண்டியின் தந்தை கேம்பிரிட்ஜில் மார்ட்டினின் உதவியைப் பெற்றவர். எனவே அந்தப் பாத்திரத்துக்கு மார்ட்டின் மாதிரியாய் அமைந்தார் என்று பலர் கருதுகின்றனர். புதினத்தின் குருவானவர் உறைபனி போன்றவர். நேசிக்காமலே மணக்கக் கேட்கிறார். மார்ட்டினோ நேசத்தால் வெந்தவர். அந்த வகையில் ஒப்புமை அநீதியானது. ஆனால் ஆசிரியை எழுப்பும் வினா நியாயமானது: ஒருவர் தம் அழைப்பை இன்னொருவர்மேல் சுமத்தலாமா? கதைத்தலைவி சகோதரியாக உடன்வர இசைகிறாள். மனைவியாக வர மறுக்கிறாள். ஒரு குருவின் மகள் எழுதிய இப்புதினம் கேட்ட வினாவை, குருக்களாகிய நாம் கேட்கத் தவறினோம்.

5. சகோதரிக்கு எழுதியவை

இரண்டாண்டுக்கு மேல் கடிதப் போக்குவரவு நின்றிருந்தது. பின்னர் மார்ட்டினின் உடன்பிறந்தாள் இறந்த துயரத்தில், இனித் தாமே அந்தச் சகோதரியின் இடத்தில் இருந்து எழுதுவதாக லிடியா முன்வந்தார். 1810 மார்ச் 30ஆம் நாள் கான்பூரிலிருந்து மார்ட்டின் விடையெழுதினார். அன்று முதல் 1812 வரை எழுதியவையே, நம் கருத்தில், இத்தொகுதியின் சிறந்த கடிதங்கள்.

காரணம் எளிது. இனி இணங்க வைக்க வேண்டியது ஒன்றுமில்லை. கேட்பதற்கு ஒன்றுமில்லாதபோது சொல்வதற்கு நிறைய வந்துவிடுகிறது. நெஞ்சுவலி, பேச்சினால் வரும் களைப்பு, மொழிபெயர்ப்பின் இழுபறி, கடற்பயணம், அயல்நாட்டார் நடுவில் தனிமை ஆகியவை இடம்பெறுகின்றன. 1811 பிப்ரவரியில் மலபார்க் கரையோரம் கப்பலிலிருந்தும், அவ்வாண்டு ஜூனில் ஷிராஸ் நகரிலிருந்தும் எழுதினார். அன்பின் சொற்கள் குறையவில்லை, கூடவே செய்கின்றன. சகோதரி என்னும் பெயர் மேலுறையாக இருக்கிறது. உள்ளே பழைய நேசமே இருக்கிறது என்பதைப் படிப்பவர் எளிதில் உணர்வர். ஆனால் மடலேறுதல் நின்றுவிட்டது. முதற் கடிதங்களில் லிடியாவுக்காக அவரே முடிவு செய்தார். பிற்கடிதங்களில் லிடியாவோடு உரையாடுகிறார். காதற் கடிதம் என்னும் இலக்கிய வகைக்கு இது ஓர் அளவுகோலாகவும் அமையும்: பெறுகிறவருக்கு மறுமொழி சொல்ல இடம் விட்டிருக்கிறதா என்பதே அது.

அதே காலத்தில் அவருடைய பணியும் இத்தகைய மாற்றம் பெற்றதை ஓர் ஒப்புமையாகச் சுட்டலாம். கான்பூரில் தம் பங்களா முற்றத்தில் ஞாயிறுதோறும் திரண்ட நூற்றுக்கணக்கான இரவலர்களுக்கு அவர் போதித்தார். அங்கே கேட்ட ஷேக் சாலி என்பவர் பின்னர் அப்துல் மசீஹ் என்னும் பெயரோடு 1811இல், கல்கத்தாவில் கீர்னாந்தர் கட்டிய அதே ஆலயத்தில், திருமுழுக்குப் பெற்றார். பாரசீகத்தில் இஸ்லாமிய அறிஞர்களோடு அமர்ந்து அவர்கள் வினாக்களைக் கேட்டு விடை தந்தபடியே புதிய ஏற்பாட்டின் பாரசீக மொழிபெயர்ப்பை 1812 தொடக்கத்தில் முடித்தார். மறுமொழிக்கு இடம் தரும் பழக்கம் காதலில் மட்டும் பயன்படுவதன்று.

கடைசிக் கடிதம் 1812 ஆகஸ்டு 28ஆம் நாள் தப்ரீஸ் நகரிலிருந்து எழுதியது. விடுப்பில் இங்கிலாந்து திரும்பப் போவதை அதில் தெரிவித்தார். நேரில் காணும் நம்பிக்கை அதில் ஒளிர்கிறது. சில நாட்களில் கான்ஸ்டான்டிநோப்பிளை நோக்கிப் புறப்பட்டார். காய்ச்சலோடு குதிரைமேல் விரைவுப்பயணம். அக்டோபர் 16ஆம் நாள் தோக்காத் என்னுமிடத்தில் இறந்தார். அங்கிருந்த அர்மேனியக் கிறிஸ்தவர் அவரை அடக்கம் செய்தனர். லிடியாவுக்குச் செய்தி எட்டியது மறு ஆண்டில்தான். அவர் மணமாகாமலே வாழ்ந்து 1829இல் மறைந்தார்.

6. அருளுரைகள் செய்த பிழை

இப்போது நம் அருளுரைக்குத் திரும்புவோம். மார்ட்டின் காதலைத் துறந்தார் என்றோம். அவர் துறக்கவில்லை, கேட்டார், மறுக்கப்பட்டார், காத்திருந்தார், இறக்கும் ஆண்டிலும் நேசித்தார். துறவைக் காட்டிலும் இது எளிதன்று. ஆனால் இது வேறொன்று. அதைத் துறவாக மாற்றிச் சொன்னதில், மறுத்தவரின் சொல்லை நாம் கதையிலிருந்து நீக்கிவிட்டோம்.

லிடியா வந்திருந்தால் உருது, பாரசீகப் புதிய ஏற்பாடுகள் நமக்குக் கிடைத்திருக்கமாட்டா. ஆகவே கடவுளே அவரை மறுக்கச் செய்தார் என்பாரும் உளர். இதுவும் ஏற்கத்தக்கதன்று. மார்ட்டினின் தோழர் கோரி மணம் செய்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் உழைத்துப் பேராயரானார். மனைவியோடு பயணம் செய்த திருத்தூதரைப் பவுலடியாரே சுட்டுகிறார் (1 கொரி. 9:5). மணவாத நிலையின் நன்மையையும் அவரே சொல்கிறார் (1 கொரி. 7), ஆயினும் அதைக் கண்ணியாகப் பிறர்மேல் எறிய அவர் விரும்பவில்லை. நடந்து முடிந்ததைக் கண்டு கடவுளின் திட்டத்தைப் பின்னோக்கி வரைவது எளிது. அப்படி வரையும்போது ஒரு பெண்ணின் கண்ணீரும் ஓர் ஆணின் தனிமையும் திட்டத்தின் செலவுக் கணக்கில் எழுதப்படுகின்றன. சிலுவையில் தம் மகனின் துயரை ஏற்ற கடவுளைப் பற்றி நாம் அப்படிப் பேசத் துணியலாகாது.

திருமறையில் மணப்பெண்ணைத் தேடிய ஒரு பயணம் உண்டு. ஆபிரகாம் தன் ஊழியக்காரனிடம் ஆணையிடுகிறார். பெண் வர மறுத்தால் என்ன செய்வது என்று ஊழியக்காரன் கேட்கிறான். அப்படியானால் நீ உன் ஆணையிலிருந்து நீங்கலாவாய் என்கிறார் ஆபிரகாம் (ஆதி. 24:5–8). பின்னர் ரெபெக்காளின் வீட்டார், பெண்ணையே அழைத்து அவள் வாயாற் கேட்போம் என்று சொல்லி, இம்மனிதனோடு போகிறாயா என்று கேட்கிறார்கள், அவள் இசைகிறாள் (ஆதி. 24:57, 58). வாக்குத்தத்தத்தின் வரலாறே ஒரு பெண்ணின் விடைக்காகக் காத்து நிற்கிறது. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் இசைவுக்குப் பொருளில்லை என்பதை ஆதியாகமமே நமக்குக் கற்பிக்கிறது.

7. நம் பணிக்கு

இவை இருநூறாண்டுகளுக்கு முந்திய கடிதங்களைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. 'கர்த்தர் எனக்குக் காட்டினார்' என்று சொல்லிப் பெண் கேட்கும் இறையியல் மாணவரை நாம் அறிவோம். 'ஊழியக்காரன் கேட்கிறான், மறுத்தால் சாபம் வரும்' என்று அஞ்சி மகளைக் கொடுத்த பெற்றோரையும் அறிவோம். குனிந்த தலையை இசைவென்று எழுதிக்கொண்டு, மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசித்த ஆயர்களையும் அறிவோம். அவர்களுள் நாமும் ஒருவர்.

மார்ட்டினின் மடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் 1806ஆம் ஆண்டுக் கடிதத்தையும் 1810ஆம் ஆண்டுக் கடிதத்தையும் மாணவர்முன் அருகருகே வைப்பாராக. எது பக்தி மிக்கது என்று கேட்க வேண்டா. எது மறுமொழிக்கு இடம் விடுகிறது என்று கேட்கட்டும். சபை ஆயர்களோ, அறிவிப்பு வாசிக்குமுன் மணமகளைத் தனியே, பெற்றோரும் மணமகன் வீட்டாரும் இல்லாத இடத்தில், ஆயரின் மனைவியையோ சபையின் மூத்த பெண் ஒருவரையோ உடன் வைத்துக்கொண்டு கேட்பாராக. அவள் இல்லை என்று சொன்னால், அச்சொல்லைத் தம் பெயரில் சுமந்து சென்று இரு வீட்டாரிடமும் சொல்வதும் ஆயருடைய கடமையே. தாயின் பின்னால் அவள் மறைய வேண்டிய தேவை அப்போது இராது. பண்ருட்டியில் இதை வழக்கமாக்கிக்கொண்ட பின், ஒருமுறை நிச்சயித்த திருமணம் ஒன்று நின்றது. சில வீடுகளில் நம்மேல் மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை. ஆயினும் அதைக் குறித்து நாம் வருந்தவில்லை.

கடிதங்களைப் படித்து முடித்தபின், அந்த முதிய அம்மையாரின் வீட்டுக்குச் சென்றோம். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். லிடியா சொன்ன விடையையும், அதற்கு மார்ட்டின் பதினைந்து திங்கள் காத்திருந்ததையும், பின்னர் சகோதரியென்று எழுதியதையும் சொன்னோம். நெடுநேரம் ஒன்றும் பேசாமலிருந்தார். பிறகு, "வரலன்னு சொல்லிச்சா? பாவங்க ரெண்டு பேரும். ஆனாலும் அந்தப் பொண்ண ஒரு வார்த்த சொல்ல உட்டாங்களே ஐயா" என்றார்.

அவரை அப்படி ஒரு சொல் சொல்ல யாரும் விட்டதில்லை என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது. மார்ட்டினைப் பற்றி இனி அருளுரை ஆற்றும்போது, அவர் கேட்ட கேள்வியோடு நிறுத்தாமல் லிடியா சொன்ன விடையையும் சொல்லி முடிப்பதென்று உறுதி கொண்டோம். உடன் ஊழியர்களும் அவ்வாறே செய்வார்களாக.